கமலைச் சரிவில் பிக்கப்

இப்போதெல்லாம் கிணற்றில் மாடு விழுந்தால் ஊரே திரண்டு வந்துவிடுகிறது. அதில் கை கொடுப்பவன் நாலு பேர். மீதி அத்தனை பேரும் யோசனை சொல்ல வந்தவன். அந்தக் காலத்தில் வாயை மூடிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார்கள். இப்போது கயிற்றின் பக்கமே வராமல் வாயை மட்டும் விடாமல் ஆட்டுகிறார்கள். பெருமாள்சாமிக்கு அப்படித்தான் தோன்றியது. தோன்றியதை மனசோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்த அறுபத்தெட்டு வயசில் ஒருநாளும் அவருக்கு இருந்ததில்லை.

“ஏலே, வேடிக்கை பாக்கவன்லாம் அங்கன தள்ளி நில்லுங்க. கரை ஏற்கனவே சரிஞ்சு கிடக்கு. நீங்களும் உள்ள விழுந்தா ஒங்களத் தூக்க நான் வரமாட்டேன்.”

யாரும் நகரவில்லை. ஒருவன் மட்டும், “அண்ணாச்சி, மூங்கில் கட்டி ஒரு தெப்பம் மாதிரி...” என்று ஆரம்பித்தான். அவர் பார்த்த பார்வையில் தெப்பம் பாதியிலேயே மூழ்கிப்போனது.

சங்கரன்கோவிலிலிருந்து திருவேங்கடம் போகிற ரோட்டில் மூன்று மைல் தள்ளி, ரோட்டை ஒட்டியே இருந்தது அவருடைய கரிசல் புஞ்சை. எமர்ஜென்சி முடிந்து இரண்டாவது வருஷத்து ஐப்பசி. நாலு நாள் விடாமல் அடித்த மழை அன்றைக்குக் காலையில்தான் வெறித்திருந்தது. மகன் செல்லச்சாமி மாடுகளைக் கிணற்றுமேட்டுப் புல்லில் அவிழ்த்துவிட்டுத் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எட்டிப் பார்த்திருக்கிறான். ஊறிப்போயிருந்த கரை ஓர் ஆள் அகலத்துக்குப் பெயர்ந்தது. செவலைக் காளை அதோடு சேர்ந்து உள்ளே போனது. ஜோடிக்காளை மயிலை மட்டும் மேலே நின்று கத்திக்கொண்டிருந்தது.

தண்ணீர் பதினைந்து அடி ஆழத்தில் கிடந்தது. நல்லவேளை, விழுந்த இடத்தில் பாறை இல்லை. செவலை நீந்தியது. நீந்தி நீந்திச் சுவரில் முட்டித் திரும்பியது. செல்லச்சாமி குதித்து, சாக்குகளை மடித்து அதன் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் அடியில் கொடுத்துக் கயிறு போட்டுக் கட்டி, கமலை வடத்தோடு சேர்த்துவிட்டான். பெருமாள்சாமி பம்புசெட் போடாத ஆள். கரண்டை நம்பமாட்டார், எண்ணெய் என்ஜினை அதைவிட நம்பமாட்டார். இன்னமும் கமலைதான். கிணற்றின் வாயில் இரண்டு கல்தூண், நடுவில் உருளை, அங்கிருந்து சரிந்து இறங்குகிற மாட்டுப்பாதை. மாடுகள் சரிவில் இறங்கினால் வடம் இழுபட்டு, தண்ணீர் மொள்ளும் சால் மேலே வரும். தண்ணீருக்குப் பதில் இன்றைக்கு மாடு வரவேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இழுக்க இருந்தது ஒற்றை மயிலை. ஊரில் பாதிப் பேர் பம்புசெட் வந்ததும் மாட்டை விற்றுவிட்டார்கள். மிச்சமிருந்த ஜோடிகள் விதைப்புக்குக் கிழக்கே தூரப் புஞ்சைகளுக்குப் போய்விட்டன. கூப்பிட ஆள் போயிருந்தான். அவன் வர மத்தியானமாகும். மயிலையோடு எட்டு ஆட்கள் வடத்தைப் பிடித்து ஒருதடவை இழுத்துப் பார்த்தார்கள். செவலையின் முதுகு தண்ணீருக்கு மேலே தெரிகிற அளவு வந்தது. அப்போது சேற்றில் ஒருவன் வழுக்கினான். அவன்மேல் இன்னொருவன் விழுந்தான். வடம் கையை உருவிக்கொண்டு ஓட, செவலை பொத்தென்று மறுபடி தண்ணீருக்குள் போய், மூழ்கி, தும்மிக்கொண்டு எழுந்தது.

அது நடந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. இப்போது செவலை நீந்தவில்லை. செல்லச்சாமி அதன் கொம்பைத் தோளில் தாங்கிக்கொண்டு படிக்கல்லைப் பிடித்தபடி கிடந்தான். மூக்கு மட்டும்தான் தண்ணீருக்கு மேலே இருந்தது.

“யய்யா,” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “மாடு நடுங்குது. மத்தியானம் வரைக்கும்லாம் தாங்காது.”

பெருமாள்சாமி கிழக்கே, ஆள் போன திசையைப் பார்த்தார். அவருக்கும் தெரியும்.

மருமகள் வள்ளித்தாய் யாரிடமும் சொல்லாமல் ரோட்டுக்கு ஓடியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு நீலநிறப் பிக்கப் வண்டி முனகிக்கொண்டே புஞ்சை வரப்பில் ஏறி வந்தது. முன்சீட்டில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வண்டி நிற்பதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டாள்.

“மாமா, இவுகள நிப்பாட்டிக் கூட்டியாந்திருக்கேன். வண்டிய வச்சு இழுத்துத் தாரேங்காக.”

டிரைவர் இறங்கினான். முப்பத்தைந்து வயசு இருக்கும். காக்கி டவுசர், கட்டை மீசை. பெயர் வீரபாண்டி. மிலிட்டரியில் லாரி ஓட்டிவிட்டு வந்து, சங்கரன்கோவிலில் சொந்தமாக இந்தப் பழைய பிக்கப்பை வைத்துக்கொண்டு கரிசல் ஊர்களுக்கு லோடு அடிக்கிறவன். அவனை அங்கே நின்ற பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. அவன் வண்டியின் வேகத்தை வைத்துத்தான்.

“ஏ, நம்ம ஆமை வண்டி!” என்றான் ஒருவன். “வே, போன வாரம் ஒம்ம வண்டிய சைக்கிள்ல முந்திக்கிட்டுப் போனேன், பாத்தீரா?”

“பாத்தேன். அடுத்த ஓடையில ஒம்ம சைக்கிள நீரு தோள்ல தூக்கிட்டுப் போனதையும் பாத்தேன்,” என்றான் வீரபாண்டி.

சிரிப்பு எழுந்தது. பெருமாள்சாமி சிரிக்கவில்லை.

“வண்டிய எடுத்துட்டுப் போ,” என்றார். “எனக்கு என் மாடு உசுரோட வேணும். துண்டு துண்டா வேண்டாம்.”

வீரபாண்டி ஒன்றும் புரியாமல் வள்ளித்தாயைப் பார்த்தான். அவள் தணிந்த குரலில் சொன்னாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊரில் இப்படித்தான் ஒரு பசு கிணற்றில் விழ, டிராக்டரைக் கொண்டுவந்து கட்டி இழுத்தார்கள். டிராக்டர் ஒரே வெட்டு வெட்டி இழுத்தது. பசு மேலே வந்தது, இடுப்பு ஒடிந்து. எட்டாம் நாள் செத்தது. பெருமாள்சாமி அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்.

“அண்ணாச்சி,” என்றான் வீரபாண்டி, “அந்த டிராக்டர்காரன் கிளட்ச டக்குனு விட்டிருப்பான். இது அப்படி வெட்டி இழுக்காது. பின்னால டிஃபரன்சலப் பிரிச்சுப் பல்சக்கரத்தையே மாத்தியிருக்கேன். என்ஜின் கூடச் சுத்தும், சக்கரம் கொறச்சுச் சுத்தும். ரோட்டுல ஓடாது. ஆனா இழுக்கும். நீரு நடக்கிற நடையவிட மெதுவா இழுக்கும்.”

“என் நடை ஒனக்குத் தெரியுமாலே?”

“இப்ப தெரிஞ்சுக்கிடுதேன்.”

கிணற்றுக்குள்ளிருந்து செல்லச்சாமி, “யய்யா, என்ன அங்க பேச்சு! சீக்கிரம்!” என்று கத்தினான். அந்தக் குரலும் நடுங்கியது. பெருமாள்சாமி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். செவலை கண்ணை மூடியிருந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வெட்டி இழுத்தேன்னு வையி,” என்றார், “வடத்த அறுத்துப்புடுவேன். பொறவு ஒன் வண்டியையும் அறுப்பேன்.”

அவ்வளவுதான் சம்மதம்.

உருளையின் மர அச்சு அவ்வளவு எடை தாங்காதென்று அவரே அதைத் தட்டி எடுத்துவிட்டுக் கடப்பாரையைச் செருகினார். சரிவின் அடியில் மழைத்தண்ணீர் முழங்கால் அளவு தேங்கியிருந்தது. வண்டி அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, அதற்கு முன்னாலேயே மாடு மேலே வந்துவிடும் என்று வீரபாண்டி காலால் அடி வைத்து அளந்து சொன்னான். அவர் நம்பாமல் தானும் ஒருதடவை அளந்தார். சரியாகத்தான் இருந்தது. இரண்டு மாடு ஜோடியாக இறங்குகிற பாதையில் பிக்கப் பக்கத்துக்கு ஒரு சாண் விட்டு நுழைந்தது. வாலைக் கிணற்றுப் பக்கமும் மூக்கைப் பள்ளத்துப் பக்கமும் வைத்து நின்றது. வடத்தைப் பின்பக்கக் கொக்கியில் மாட்டினார்கள்.

வண்டியில் பன்னிரண்டு பருத்திக்கொட்டை மூட்டை இருந்தது, தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது.

முதல் தடவை வடம் விறைத்தது, உருளை கிறீச்சிட்டது, மாட்டின் தோள் தண்ணீரைவிட்டு எழும்பியது. எழும்பி நின்றது. பின்சக்கரம் ஒன்று மட்டும் நின்ற இடத்திலேயே வழுக்கிச் சுற்ற ஆரம்பித்தது. வீரபாண்டி உடனே காலை எடுத்தான். மாடு மெதுவாக மறுபடி தண்ணீரில் அமர்ந்தது. இந்தத் தடவை மூழ்கவில்லை. அந்த ஒன்றைப் பெருமாள்சாமி கவனித்தார்.

வீரபாண்டி இறங்கி, “டயர்ல காத்தக் கொஞ்சம் எறக்குதேன், அப்பத்தான் பட்டையாப் பிடிக்கும்,” என்று சொல்லிக்கொண்டே சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்து படுத்தான்.

அந்த நேரத்தில்தான் பெருமாள்சாமி அந்த உத்தரவைப் போட்டார். சேற்றில் சிக்கிய வண்டிக்கு என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐம்பது வருஷமாக மழைக்காலத்துக்கு ஒருதடவையாவது கரிசலில் பார வண்டியைச் சிக்கவிட்டு எடுத்தவர்.

“ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்கீங்க? பன்னெண்டு மூட்டையையும் சொமந்துக்கிட்டு எப்படிலே வண்டி இழுக்கும்? எறக்குங்க!”

இது எல்லாருக்கும் புரிந்த பாஷை. இதுவரை யோசனை சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட ஓடிவந்தார்கள். இரண்டு சக்கரத்திலும் காற்றை இறக்கிவிட்டு வீரபாண்டி எழுந்து நிற்பதற்குள் பன்னிரண்டு மூட்டையும் புல்லில் அடுக்கப்பட்டு, மேலே தார்ப்பாயும் போர்த்தப்பட்டிருந்தது. அவ்வளவு சுறுசுறுப்பை அந்த ஊர் அதற்கு முன் காட்டியதில்லை.

“யாருவே மூட்டைய எறக்குனது?”

“நான்தான் எறக்கச் சொன்னேன்,” என்றார் பெருமாள்சாமி. “இப்ப இழு. பூ மாதிரி வரும்.”

வீரபாண்டி புல்லில் அடுக்கிய மூட்டைகளைப் பார்த்தான். “சரி,” என்றான். “கொஞ்சம் தள்ளி நில்லும்.”

அவர் தள்ளி நிற்கவில்லை. சக்கரத்துக்குப் பின்னாலேயே நின்றார். வீரபாண்டி, மாட்டை வெட்டி இழுக்காதபடி மிக லேசாகக் கிளட்சை விட்டான். வடம் விறைத்த மறுநொடியே வண்டியின் பின்பக்கம் முயல் மாதிரி துள்ளியது. வலதுபக்கச் சக்கரம் கிறுகிறுவென்று சுற்றியது. கரிசல் சேறு அப்பமாகப் பறந்துவந்து பெருமாள்சாமியின் முகம், மீசை, துண்டு எல்லாவற்றிலும் அப்பியது. மாடு ஓர் அங்குலம்கூட அசையவில்லை.

கூட்டம் சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டது. வள்ளித்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டாள்.

“ஒன் வண்டி சொத்தை வண்டி,” என்றார் பெருமாள்சாமி, ஒரு கண்ணைத் திறக்க முடியாமல்.

வீரபாண்டி இறங்கி அவரிடம் வந்தான். குரலை உயர்த்தவில்லை.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். கமலை இழுக்கையில மாடு சரிவுல எறங்கும்போது நீரு எங்க இருப்பீரு?”

“வடத்து மேல உக்காந்திருப்பேன். வேற எங்க இருப்பேன்?”

“எதுக்கு உக்காருதீரு? மாட்டுக்கு நீரும் ஒரு பாரம்தான?”

பெருமாள்சாமி வடத்தைத் திரும்பிப் பார்த்தார். வடத்தில் ஏறி உட்கார்ந்தால்தான் இழுப்பு கீழே அமரும், மாடு தடுமாறாமல் இறங்கும். இது கமலை ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்தது. எதற்காக என்று ஒருவரும் கேட்டதில்லை.

“மாட்டு வண்டியில இழுக்கது மாடு,” என்றான் வீரபாண்டி. “அதுக்குப் பாரம் கொறஞ்சா சொகம். இதுல இழுக்கதே இந்த ரெண்டு பின்சக்கரம்தான். முன்சக்கரம் சும்மா உருளும். பின்னால கனம் இருந்தாத்தான் சக்கரம் மண்ணக் கவ்வும். மேல உருளையில இருந்து வடம் வேற வாலத் தூக்குது. மூட்டைய ஏத்தணும். முன்னப்போல கேபின ஒட்டி இல்ல, கடைசியா, வாலுக்கு மேல.”

நாலைந்து பேர் பெருமாள்சாமியின் முகத்தைப் பார்த்தார்கள். மாடு அவருடையது, உத்தரவும் அவருடையதாகத்தான் இருக்கவேண்டும். அவர் துண்டால் சேற்றைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க அது பரவியது.

“யாருலே அங்க மரம் மாதிரி நிக்கது? ஏத்துங்க,” என்றார்.

மூட்டைகள் வந்த வழியே திரும்பிப் போயின. வள்ளித்தாய் வீட்டு அடுப்புக்கு அடுக்கிவைத்திருந்த காய்ந்த பருத்திமார்க் குச்சிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து சக்கரங்களுக்கு முன்னால், குறுக்கே, சரிவு பூராவும் பரப்பினாள். இது யாரும் சொல்லி அவள் செய்ததில்லை. மூட்டைகளுக்கு மேலே தடித்த ஆளாகப் பார்த்து நாலு பேரை வீரபாண்டி ஏறி உட்காரச் சொன்னான். சைக்கிளில் முந்தியவன்தான் முதலில் ஏறினான்.

பெருமாள்சாமி கிணற்றின் வாயில் போய் நின்றார். “நான் துண்டத் தூக்குனா நிறுத்தணும். எறக்குனா இழுக்கணும். கேட்டியா?”

“கேட்டேன்.”

துண்டு இறங்கியது.

என்ஜின் சத்தம் பெரிதாக எழவில்லை. தறிக்கூடத்துக்கு வெளியே நின்றால் கேட்கிற மாதிரி ஒரே சீரான இரைச்சல்தான். வடம் விறைத்தது. பருத்திமார் நொறுநொறுவென்று நசுங்கியது. சக்கரம் உருள்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் கிணற்றுக்குள் செவலையின் முதுகு எழுந்தது. தோள் எழுந்தது. வயிற்றில் கட்டிய சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. நாலு காலும் அந்தரத்தில் தொங்கின. கண் மூடியே இருந்தது.

“மெதுவாலே,” என்றார் பெருமாள்சாமி. சொல்லவேண்டிய அவசியமே இல்லை. இதைவிட மெதுவாக எதுவும் போகமுடியாது.

எட்டு அடி வந்தது. பத்து அடி வந்தது. செல்லச்சாமி படிக்கல் வழியாகக் கூடவே ஏறிக்கொண்டு, மாடு சுவரில் உரசாமல் சாக்குக் கட்டிலிருந்து தொங்கிய வால்கயிற்றைப் பிடித்து விலக்கிக்கொண்டே வந்தான். மாடு இப்போது சரியாக அவன் தலைக்கு மேலே இருந்தது.

அங்கேதான் அந்தச் சக்கரம் மறுபடி வழுக்கியது.

வலதுபக்கம் பருத்திமார் விலகியிருந்தது. சக்கரம் வெறுஞ்சேற்றில் சுற்ற ஆரம்பித்தது. இடதுபக்கச் சக்கரம் சும்மா நின்றது. மாடு ஒரு சாண் கீழே இறங்கியது. செல்லச்சாமி சுவரோடு ஒட்டிக்கொண்டான். துண்டைத் தூக்குவதா இறக்குவதா என்று பெருமாள்சாமிக்குத் தெரியவில்லை.

வீரபாண்டி நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டவும் இல்லை. கையை நீட்டி ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சமாக, இரண்டு பல் மட்டும், இழுத்தான்.

ஓடுகிற வண்டிக்குப் பிரேக் போடுகிறான், பைத்தியக்காரன்! பெருமாள்சாமி கத்த வாயைத் திறந்துவிட்டார். அதற்குள் கிறுக்குப் பிடித்துச் சுற்றிய சக்கரம் அடங்கியது. சும்மா நின்ற சக்கரம் அசைந்தது. இரண்டும் சேர்ந்து உருண்டன.

ஜோடியில் ஒன்று துடியாகவும் ஒன்று சோம்பலாகவும் இருந்தால் துடியானதன் கயிற்றைத்தான் இறுக்கிப் பிடிப்பார்கள். அப்போதுதான் மற்றது தோள் கொடுக்கும். பெருமாள்சாமி இதைத் தன் அப்பனிடம் கற்றிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

செவலையின் நெஞ்சு கரைக்கு மேலே வந்தது. துண்டு எழுந்தது. வண்டி நின்ற இடத்தில் நின்றது, ஒரு விரல் அளவுகூடப் பின்னால் போகவில்லை. பத்துப் பேர் கொம்புக்கயிற்றையும் சாக்கையும் பிடித்தார்கள். அவரும் பிடித்தார். ஒரே மூச்சில் மாட்டைப் புல்லின் மேல் புரட்டிப் போட்டார்கள். பின்னாலேயே செல்லச்சாமி கரையில் ஏறி மல்லாந்து விழுந்தான்.

செவலை ஒருக்களித்துக் கிடந்தது. அசையவில்லை.

பெருமாள்சாமி முழங்காலிட்டு அதன் விலாவில் கை வைத்தார். முதலில் முன்னங்கால் இரண்டையும், பிறகு பின்னங்கால் இரண்டையும், மூட்டு மூட்டாக மடக்கி நீட்டிப் பார்த்தார். இடுப்பில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். எங்கேயும் பிசகில்லை. விலா எலும்புகளை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினார். ஒன்றுகூட ஒடியவில்லை. அதை ஒருதடவை செய்தது போதாதென்று இன்னொருதடவையும் செய்தார்.

வள்ளித்தாய் வைக்கோலைச் சுருட்டிக்கொண்டுவந்து மாட்டின் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தாள். செல்லச்சாமி எழுந்து மறுபக்கம் தேய்த்தான். அவனுக்கே பல் அடித்துக்கொண்டிருந்தது. மயிலை தும்புக்கயிற்றை இழுத்துக்கொண்டு கிட்டே வந்து செவலையின் காதை நக்கியது.

காது அசைந்தது. கண் திறந்தது. செவலை முன்னங்காலை ஊன்றி ஒருதடவை எழும்பிப் பார்த்துச் சரிந்தது. இரண்டாந்தடவை எழுந்து நின்றுவிட்டது. நின்று, உடம்பை உதறி, சுற்றி நின்ற அத்தனை பேர் மேலும் தண்ணீரைத் தெளித்துவிட்டு, நிதானமாக ஒரு குடம் மூத்திரம் பெய்தது.

யாரோ கை தட்டினார்கள். உடனே எல்லாரும் தட்டினார்கள். கல்யாண வீட்டில் தாலி கட்டியது மாதிரி ஒரே பேச்சும் சிரிப்புமாக ஆகிவிட்டது. மூங்கில் தெப்பம் சொன்னவன், தெப்பம் கட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று பக்கத்தில் நின்றவனிடம் விளக்க ஆரம்பித்தான். சைக்கிள்காரன், தான் மூட்டைமேல் உட்கார்ந்ததால்தான் மாடு வந்தது என்றான்.

பெருமாள்சாமி மாட்டின் திமிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். காலையிலிருந்து அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நெஞ்சிலிருந்து இறங்கிப் போனது. அது போன இடத்தில் பசி வந்து உட்கார்ந்தது.

“ஏ தாயி, வீட்டுல கஞ்சி கிடக்கா?” என்று கேட்டார்.

“கிடக்கு மாமா. துவையலும் இருக்கு.”

“அந்த டிரைவருக்கும் ஊத்து.” கொஞ்சம் யோசித்து, “முதல்ல அவனுக்கு ஊத்து,” என்றார்.

வள்ளித்தாய் தூக்குப் போணியோடு வந்தபோது வீரபாண்டி வண்டியைப் பள்ளத்திலிருந்து எடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தான். மூக்கு பள்ளத்தைப் பார்த்து நின்றது. இனி ரிவர்ஸில், அந்தச் சேற்றுச் சரிவில், மூட்டைகளோடு மேலே ஏறியாகவேண்டும்.

பெருமாள்சாமி இதற்காகவே காத்திருந்தவர் மாதிரி கிட்டே போனார். “என்னவே, மயிலையப் பூட்டவா?” என்றார்.

“பூட்டும். வேண்டாங்கல. மயிலை வரதுக்குள்ள நான் மேல நிப்பேன்.”

பிக்கப் மறுபடி அந்த ஒரே சீரான இரைச்சலோடு, அவசரமே இல்லாமல், பருத்திமாரை மிதித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பின்னால் ஏறியது. நடுவில் ஓர் இடத்தில் லேசாகத் தயங்கியது. பெருமாள்சாமி தலையை முன்னால் நீட்டினார். சக்கரம் பிடித்துக்கொண்டது, வண்டி மேலே வந்தது. அவர் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

வீரபாண்டி இறங்கிக் கஞ்சியைக் குடித்தான். துவையலைப் பார்த்ததும் இரண்டாந்தடவையும் வாங்கிக்கொண்டான். செல்லச்சாமி ஈரத்துணியோடு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, டிஃபரன்சலில் எந்தப் பல்சக்கரத்தை எடுத்து எதைப் போட்டான், எவ்வளவு நாளானது என்றெல்லாம் விசாரிக்கத் தொடங்கினான். அவர்கள் பேச்சில் பாதி இங்கிலீஷாக இருந்தது. பெருமாள்சாமி வண்டியை ஒருதடவை சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பின்சக்கரத்தை ஓர் உதை உதைத்தார். காற்று இறங்கிய டயர் மெத்தென்று இருந்தது. இப்படித் தொளதொளவென்று இருக்கிற ஒன்று எப்படி மண்ணைப் பிடிக்கும் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

“அண்ணாச்சி,” என்றான் வீரபாண்டி வாயைத் துடைத்துக்கொண்டு, “மாடு ரொம்ப நேரம் தண்ணியில கிடந்திருக்கு. மேலநீலிதநல்லூர் மாட்டு ஆஸ்பத்திரியில ஒரு ஊசி போட்டுட்டா நல்லது. பலகை இருந்தா சாய்ச்சு வச்சு வண்டியில ஏத்திருவோம். நானே கொண்டுபோய்ட்டுக் கொண்டாந்து விடுதேன்.”

“ஆமாம்யா,” என்றான் செல்லச்சாமி. “ஏத்திருவோம்.”

பெருமாள்சாமி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எதுக்கு ஏத்தணும்? நாலு காலும் நல்லாத்தான இருக்கு?”

“தூரம்யா. நடந்து போனா சாயங்காலமாயிரும்.”

“இவன் வண்டியில போனா மட்டும் விடிஞ்சிருமா? சைக்கிள்காரன் முந்துத வண்டிதான இது?”

வீரபாண்டி வாய்விட்டுச் சிரித்தான். கஞ்சிப் போணியை வள்ளித்தாயிடம் கொடுத்துவிட்டு, “சரி, ஏத்த வேண்டாம். ஒண்ணு மட்டும் சொல்லும். இப்பவாவது நம்புதீரா? வண்டி இழுத்துச்சா இல்லையா?” என்றான்.

பெருமாள்சாமி மாட்டின் முதுகில் சாக்கை விரித்துப் போட்டார். சாக்கு நழுவாமல் வயிற்றோடு சேர்த்து ஒரு கயிறு சுற்றி முடிச்சுப் போட்டார்.

“எறங்குறதுக்கு ஒனக்குச் சரிவு இருந்துச்சு. அது எங்க பாட்டன் வெட்டுனது. அந்தக் கல்தூண் இல்லேன்னா ஒன் வடம் எங்க தொங்கியிருக்கும்? கரையில தூக்கிப் போட்டது பத்து ஆளு. இதுல வண்டி என்னத்த இழுத்துச்சு? பருத்திக்கொட்ட மூட்டை இழுத்துச்சுன்னு சொல்லு, அதயாவது பாதி நம்புதேன்.”

“மாமா!” என்றாள் வள்ளித்தாய்.

“நீ சும்மா கிட தாயி. அவனுக்கு இன்னொரு போணி கஞ்சி ஊத்து. குடிக்கட்டும்.”

செவலையின் மூக்கணாங்கயிற்றை எடுத்துக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். மாடு முதலில் தயங்கியது. பிறகு அவர் நடைக்கு வந்தது. பின்னாலேயே மயிலையும் கூப்பிடாமலே கிளம்பியது. வரப்பில் ஏறி, ரோட்டுக்கு வந்து, மேலநீலிதநல்லூர்ப் பக்கம் திரும்பினார்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் அந்த இரைச்சல் கேட்டது. பிக்கப் அவரை ஒட்டி வந்து, அவர் நடைக்குச் சரியாக, வேகம் கூட்டாமல் பக்கத்திலேயே உருண்டது. வீரபாண்டி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். பக்கத்தில் செல்லச்சாமி போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“அண்ணாச்சி, கால் வலிச்சா சொல்லும். நீராவது ஏறிக்கிடலாம்.”

“முன்னால போவே. புகை மாட்டுக்கு ஆகாது,” என்றார் அவர். திரும்பிப் பார்க்காமல், மாட்டின் கழுத்தை ஒருதடவை தட்டிக்கொடுத்துவிட்டு, ரோட்டின் ஓரமாக நடந்துகொண்டே இருந்தார்.